கிழித்த தாளின் மறுபாதி

மகனே,

உன் கல்யாணப் பத்திரிகை நேற்று மதியம் அச்சகத்திலிருந்து வந்து சேர்ந்தது. நான்கு மூலையிலும் உன் அம்மா மஞ்சள் தடவிவிட்டாள். உன் படிப்பின் எழுத்துகள் உன் பெயருக்குப் பக்கத்தில் இடமில்லாமல் அடுத்த வரிக்கு இறங்கியிருக்கின்றன. மற்றபடி குறையில்லை. 'தங்கள் நல்வரவை ஆவலுடன் எதிர்நோக்கும்' என்பதற்குக் கீழே முதல் பெயராக உன் சித்தப்பா இருக்கிறான். ஊரார் வருகையை அவன் ஆவலுடன் எதிர்நோக்குகிறான் என்பது இப்போது கட்டுக் கட்டாக அச்சாகி நம் வீட்டுக் கட்டிலில் கிடக்கிறது. அவனுக்குத்தான் இன்னும் தெரியாது. பதினோரு வருடமாக என்னோடு பேசாத ஒருவனுடைய ஆவலை அவனைக் கேட்காமலே அச்சடித்துவிட்டோம். நானும் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவன்தான். பல கல்வெட்டுகள் இப்படித்தான் வெட்டப்பட்டிருக்கும் என்பது என் சந்தேகம்.

பெயரைப் போடச் சொன்னது நீ. "சித்தப்பாவ நான் மன்னிச்சுட்டேன்ப்பா. பேர மொதல்ல போட்டுடுங்க. வர்ற ஞாயித்துக்கெழம ஓசூர் போயி நானே நேர்ல சொல்லிட்டு வந்துடறேன்" என்று போனில் சொன்னாய். பக்கத்தில் நின்ற உன் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பெருந்தன்மையான பிள்ளையைப் பெற்றதற்காக நான் "சரிப்பா" என்றேன். வேறு என்ன சொல்வது என்று எனக்குத் தெரிந்திருந்தது, சொல்லவில்லை. அதைத்தான் இப்போது எழுதுகிறேன். நீ ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும். நீ மன்னிக்கப் போகிறவன் எந்தத் தவறும் செய்யவில்லை. செய்தவன் நான்.

இதை உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் பொய்யை நான் ஊர் கூடியிருந்த இடத்தில், மாரியம்மன் கோயில் முன்னால் நின்று சொன்னேன். உண்மையை மட்டும் ஒட்டிய உறைக்குள் வைத்து அனுப்புவது ஒழுங்காகப் படவில்லை. ஆகவே ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்து உன் போனுக்கு அனுப்பிவிட்டு, இதையே ஓய்வுபெற்ற ஆசிரியர்களான நாங்கள் கடத்தூரில் நடத்தும் மாத இதழுக்கும் கொடுக்கப் போகிறேன். இதழை எல்லோரும் வாங்குகிறார்கள், யாரும் படிப்பதில்லை. இந்த மாதம் படிப்பார்கள்.

போன பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது உன் போன் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறதா. உங்கள் அலுவலகம் பார்த்துக்கொள்ளும் ஏதோ ஒரு மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பாதி வேலையில் நின்றுவிட்டது, நோயாளிகளின் விவரமெல்லாம் அதில்தான் என்றாய். நான் பதறினேன். நீ கரும்பைக் கடித்துக்கொண்டே, "ஒண்ணும் ஆவாதுப்பா, லாக் இருக்குது" என்றாய். எனக்குத் தெரிந்த லாக் பூட்டு. பூட்டு எப்படிக் காப்பாற்றும் என்று கேட்டேன். சிரித்தாய். "பூட்டு இல்லப்பா, இது வேற லாக். குறிப்பு எழுதற நோட்டு மாதிரி."

பிறகு சக்கையைத் துப்பிவிட்டு நீ சொன்னதை ஏறக்குறைய அப்படியே எழுதுகிறேன். "மெஷினு வேலை செய்யறதெல்லாம் மெமரியில. கரண்டு போனா மெமரி காலி. அதனால எதையும் மாத்தறதுக்கு முன்னாடி, இன்னத மாத்தப் போறேன், பழசு இது, புதுசு இதுன்னு மொதல்ல லாக்ல எழுதி டிஸ்க்குல ஏத்திடும். அப்புறந்தான் அசல் டேட்டாவுல கை வெக்கும். வேலை முழுசா முடிஞ்சா கமிட்னு ஒரு வரி."

"நடுவுல நின்னு போனா?"

"திரும்பக் கெளம்புனதும் மொத வேலையா லாக்கத்தான் எடுத்துப் படிக்கும். கமிட் வரி இருந்தா, டேட்டாவுல ஏறாம விட்டதையும் ஏத்திடும். கமிட் வரி இல்லைன்னா, பாதியில பண்ணுனதப் பழையபடி மாத்திடும். அரைகுறையா ஒண்ணும் நிக்காது. என்னாப்பா முழிக்கறீங்க? நம்ம மோட்டார் ரூம் நோட்டுதான் இது. காலேஜ்ல இந்தப் பாடம் எனக்கு மட்டுந்தான் மொத நாளே புரிஞ்சுது."

நான் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன். "லாக்லயே ஒரு தாள யாராச்சும் கிழிச்சுட்டா?"

"ஒவ்வொரு வரிக்கும் வரிசை நம்பர் இருக்குதுப்பா. நடுவுல ஒண்ணு காணாமப் போனா அப்பவே தெரிஞ்சுடும். அதுவுமில்லாம எங்கியாச்சும் ஒரு நகல் இருக்கும்."

நான் எழுந்துபோய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன். "கரும்பத் தின்னுட்டு ஒடனே தண்ணி குடிச்சா வாயி வெந்துடுங்க" என்று உள்ளேயிருந்து உன் அம்மா சத்தம் போட்டாள். வெந்துதான் போயிருந்தது. எங்கள் நோட்டுக்கும் ஒரு நகல் இருந்தது. அது ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தது.

இதழைப் படிக்கப்போகிறவர்களுக்காக அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கிணறு கூட்டுக் கிணறு, எனக்குப் பாதி, தம்பிக்குப் பாதி. மோட்டார் ஒன்று. ஒரு நாள் என் முறை, மறுநாள் அவன் முறை, முறைக்கு ஆறு மணி நேரம். மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்பது மின்சாரத்துக்கே தெரியாத காலம் அது. யார் எவ்வளவு பாய்ச்சினார்கள் என்று மாதத்துக்கு இரண்டு சண்டை. எட்டாவதோடு படிப்பை நிறுத்திய என் தம்பிதான் கடத்தூரில் ஒரு எண்பது பக்க நோட்டு வாங்கிவந்து, மோட்டார் ரூம் சுவரில் கம்பியில் மாட்டி, சணலில் பேனாவைக் கட்டினான். விதியும் அவன் போட்டதே. ஸ்டார்ட்டரின் பச்சை பட்டனை அமுக்குவதற்கு முன்னால் பெயரையும் நேரத்தையும் எழுத வேண்டும். நிறுத்திய பிறகு 'முடிந்தது' என்று எழுத வேண்டும். அந்தச் சொல் இல்லாதவரை முறை எழுதியவனுடையதுதான். நடுவில் கரண்டு போனால், மீதி எத்தனை மணி என்று குறித்துவிட்டுப் போகலாம். அந்த மீதியை அவன் பாய்ச்சாமல் அடுத்தவன் பச்சை பட்டனைத் தொடக் கூடாது. உங்கள் மெஷின் பாதியில் நின்ற வேலையை நடக்கவே இல்லை என்று ஆக்கிவிடும். பாய்ந்த தண்ணீரைக் கிணற்றுக்குத் திருப்ப எங்களால் முடியாது, அதனால் மீதியைக் காப்பாற்றினோம். ஞாயிற்றுக்கிழமைதோறும் இருவரும் 'இதுவரை சரி' என்று கையெழுத்துப் போடுவோம். அதற்கு உங்களிடம் செக்பாயிண்ட் என்று பெயராம். எங்களிடம் பெயர் இல்லை.

இன்னொன்றும் செய்தான். எண்பது பக்கத்துக்கும் மூலையில் கையால் நம்பர் போட்டான். "நம்பரு எதுக்குடா, தாலுக்கா ஆபீஸ் ரிஜிஸ்டரா இது?" என்று நான் கேலி செய்தேன். "இருக்கட்டுங்கண்ணா. காத்துல ஒரு பேப்பரு போயிட்டாலும் தெரியோணுமில்லைங்களா" என்றான். படித்தவன் சிரித்தேன்.

நீ பதினொன்றாம் வகுப்பு போகவிருந்த கோடை அது. கிணற்றில் தண்ணீர் பாதிக்கும் கீழே போய்விட்டது. அவன் காட்டில் தக்காளி பூத்து நின்றது. என் காட்டில் கரும்பு. அந்த வருடம் கரும்பு வைக்காதீர்கள் என்று அவன் சொல்லியிருந்தான். அவன் சொன்னதாலேயே வைத்தேன். அவன் முறை நாளில் இரண்டு மணி நேரம் ஓடியதும் கரண்டு போய்விட்டது. அவன் வரப்பில் உட்கார்ந்திருந்தபோது, ஓசூருக்கு அப்பால் இருக்கும் அவன் மாமனார் இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அந்த நிலைமையிலும் மோட்டார் ரூமுக்குப் போய் எழுதிவிட்டுத்தான் போனான்: 'கரண்டு போச்சு. மீதி 4 மணி. மாமனார் தவறிட்டார். வந்து பாய்ச்சிக்கறேன்.' நாற்பத்தெட்டாம் பக்கம், கடைசி வரி.

அவர்கள் ஏறிய பஸ் போய் ஒரு மணி நேரத்தில் கரண்டு வந்தது. நான் அந்த வரியைப் படித்தேன். இரண்டு முறை படித்தேன். பிறகு நோட்டில் எதுவும் எழுதாமல் பச்சை பட்டனை அமுக்கினேன். அன்றைக்கு நாலு மணி நேரம். மறுநாள் என் முறைதான். அதற்கு மறுநாள் அவனுடையது, அன்றும் என் கரும்புக்கே போனது. ஊரில் இல்லாதவனுக்குத் தண்ணீர் எதற்கு என்று ஒரு வாதம் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் மோட்டார் காற்றை இழுக்க ஆரம்பித்ததும் அந்த வாதம் நின்றுபோனது, மோட்டாரை நிறுத்தவில்லை, இன்னும் கொஞ்சம் வரும் என்று பார்த்தேன்.

நாலாம் நாள் வந்தான். கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு நேராக வீட்டுக்கு வந்தான். "அண்ணா, எம்பட மீதி நாலு மணி இருந்துச்சுங்களே" என்றான். "எந்த மீதி? நீதான் முடிச்சுட்டுப் போனியே" என்றேன். அந்த வாக்கியத்தை நான் யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்தது. அதற்குப் பிறகு செய்ததெல்லாம் யோசித்துச் செய்தது. அவன் ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிடப் போன நேரத்தில் நான் மோட்டார் ரூமுக்குப் போய் நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு என்ற நம்பர் போட்ட தாளைக் கிழித்தேன். அதில் இருந்த வரிகளை நாற்பத்தொன்பதாம் பக்கத்தில் நெருக்கி அப்படியே பெயர்த்து எழுதி, கடைசி வரியை மட்டும், அவன் எழுதியதுபோலவே, மாற்றினேன்: 'என் முறை. முடிந்தது.' அவன் எழுத்து என் எழுத்தைப் பார்த்து வந்தது என்பதால் சிரமம் இல்லை. இருவர் கையெழுத்தையும் நானே போட்டேன். கிழித்த தாள் வெந்நீர் அடுப்புக்குள் போனது. உன் அம்மா சாம்பலைக் கிளறிக்கொண்டே, "என்னாங்க, நோட்டுப் பேப்பராட்டம் எரிஞ்சு கெடக்குது. பரிச்சைப் பேப்பருங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். "யாரு பெயிலு?" என்றாள்.

கோயில் முன்னால் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். நோட்டு கைமாறிக் கைமாறி அவரிடம் வந்தது. கண்ணாடியைப் போட்டுப் படித்தார். "அட, முடிஞ்சுதுன்னு எழுதியிருக்குதப்பா. வாத்தியாரு வேற சொல்றாரு. அப்பறம் என்ன பேச்சு? எறங்கறவங்க எறங்குங்க" என்றார். சிரித்தார்கள். நானும் அளவாகச் சிரித்தேன்.

தம்பி நோட்டை வாங்கினான். வரிகளை அவன் படிக்கவே இல்லை. கட்டைவிரலால் மூலைகளைத் தள்ளிக்கொண்டே வந்தான். நாற்பத்தாறு. நாற்பத்தொன்பது. விரல் அங்கே நின்றது. அப்போது நோட்டிலிருந்து ஒரு தாள் நழுவி என் காலடியில் விழுந்தது. நடுவில் பின் அடித்த நோட்டில் ஒரு தாளைக் கிழித்தால், பின்னுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அதன் மறுபாதிக்குப் பிடிப்பு போய்விடும். நாற்பத்தேழு, நாற்பத்தெட்டின் மறுபாதி முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு. வாழ்நாளெல்லாம் விடைத்தாள் கட்டியவன் இதை மறந்திருந்தேன். குனிந்து எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

உன் சித்தி கொஞ்சம் தள்ளி நின்றிருந்தாள். அப்பா செத்து நாலு நாள். அவள் தன் புருஷனைப் பார்த்து, "பிடி" என்றாள். பெரியவர்கள் நிமிர்ந்தார்கள், விடாதே, பிடி என்று உசுப்பேற்றுகிறாள் என்று நினைத்தார்கள். அவள் தன் பிறந்த வீட்டுக் கன்னடத்தில் சொன்னாள். அந்த மொழியில் அதற்கு விட்டுவிடுங்கள் என்று அர்த்தம். எழுதினால் இரண்டும் ஒரே எழுத்து. சொல்லும்போது மட்டும் அவளுடையது கொஞ்சம் கனமாக விழும். அங்கே அது புரிந்தது அவனுக்கும் எனக்கும்தான்.

"நோட்டுல இருக்கறதுதாங்க சரி" என்று அவன் பெரியவர்களிடம் சொன்னான். நோட்டை என் கையில் கொடுத்தான். என் சட்டைப் பையைப் பார்த்து, யாருக்கும் கேட்காத குரலில், "அதையாச்சும் பத்தரமா வச்சுக்கங்கண்ணா" என்றான். அண்ணனை, அதுவும் வாத்தியாரை, எட்டுப் பேர் முன்னால் திருடன் என்று சொல்ல அவனுக்கு இரண்டு நம்பர்கள் போதுமாக இருந்தன. சொல்லாமல் போனான். அவன் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

முப்பத்து மூன்றாம் பக்கத்தில் என்ன இருந்தது என்று சொல்கிறேன். உனக்கு டெங்கு காய்ச்சல் வந்து தர்மபுரி ஆஸ்பத்திரியில் நானும் உன் அம்மாவும் உன்னோடு கிடந்தோமே, அந்த வாரம். எல்லா வரியும் அவன் எழுத்து. 'அண்ணன் முறை. அண்ணன் ஆஸ்பத்திரியில். அண்ணன் காட்டுக்கு நான் பாய்ச்சினேன். முடிந்தது.' மறுநாள், 'என் முறை. அண்ணன் காடு காயுது, அதுக்கே விட்டேன். முடிந்தது.' இப்படிப் பக்கம் திருப்பி முப்பத்து நான்கிலும் மூன்று வரி. இந்தத் தாள் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. பத்திரமாக வைப்பதில் நான் கெட்டிக்காரன்.

தக்காளி பத்து நாளில் காய்ந்தது. அடுத்த மாதம் அவர்கள் ஓசூர் போனார்கள். அவன் காட்டில் இப்போது வேலிகாத்தான் முள் நிற்கிறது. எனக்குத் தினமும் என் முறைதான். அந்த வருடம் கரும்பு ஆள் உயரத்துக்கு மேல் போனது. போன பொங்கலுக்கு நீ கடித்ததும் அதே காட்டுக் கரும்பே. உனக்கு நான் சொன்ன கதையில், உன் சித்தப்பா தன் பங்குத் தண்ணீரை முழுதும் பாய்ச்சிவிட்டுப் பொய் சொல்லி மறுபடியும் கேட்டான், நோட்டு காட்டிக்கொடுத்ததும் வெட்கப்பட்டு ஊரை விட்டுப் போனான். நன்றாக அமைந்த கதை. உன் அம்மா அப்போதே ஒரு கேள்வி கேட்டாள்: "உங்க பாடத்துல தோத்த ராசா கதையே வராதுங்களா?"

நீ பெங்களூரில் முதல் வருடம் படித்தபோது அவன் ஒரு பை நிறைய வறுத்த நிலக்கடலையோடு உன் விடுதி வாசலில் வந்து நின்றான். நீ இல்லை என்று சொல்லியனுப்பினாய். மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாய், அவன் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டுப் பையைக் காவல்காரரிடம் கொடுத்துவிட்டுப் போனான். "நம்மள ஏமாத்துன ஆளு, எனக்கு எதுக்குப்பா கடலை?" என்று போனில் பெருமையாகச் சொன்னாய். நான் "நல்லது" என்றேன். அந்த ஒரு சொல்லை நான் தண்ணீர்த் திருட்டுக்கு மேலே வைக்கிறேன். பொங்கலன்று நீ இன்னொன்றும் சொன்னாய், தப்பான வரியை நம்பி அடுத்தடுத்து நடந்ததையெல்லாம் சேர்த்துத் திருப்ப வேண்டும், அதுதான் பெரிய தலைவலி என்று. உன் விடுதி வாசலில் நடந்தது அந்த வகை. அதில் உனக்குப் பங்கில்லை என்று சொல்லமாட்டேன். இறங்கிப்போய் அவனை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நீ என் பிள்ளை, எழுதியிருப்பதை நம்பினாய்.

கல்யாணக் கடிதத்தில் அறிவுரை இருக்க வேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். உன் மனைவியிடம் எதைச் செய்வதானாலும் செய்வதற்கு முன்னால் சொல்லிவிடு. செய்துவிட்டுச் சொல்வதற்கு என்னைப்போல் நல்ல நடை வேண்டும், உனக்கு அது வராது. அதற்காக நான் சந்தோஷப்படுகிறேன்.

இன்று வெள்ளிக்கிழமை. மதியம் மோட்டார் ரூமுக்குப் போனேன். நோட்டு கம்பியில்தான் இருக்கிறது. நாற்பத்தொன்பதாம் பக்கத்தை அடித்துவிடலாம் என்று முதலில் நினைத்தேன். லாக்கில் எதையும் அழிக்க மாட்டோம், திருப்பியதையும் புது வரியாகத்தான் எழுதுவோம் என்று நீ சொன்னது நினைவு வந்தது. அந்தப் பொய் அப்படியே இருக்கட்டும். சணலில் கட்டிய பேனா பதினோரு வருடத்தில் கல்லாகிவிட்டது. என் பேனாவால் ஐம்பதாம் பக்கத்தில் எழுதினேன்: 'அன்று தம்பி முறை முடியவில்லை. மீதி 4 மணி. 47, 48 நான் கிழித்தேன்.' அதற்குக் கீழே, 'சனி காலை, முதல் பஸ். தம்பி வீட்டுக்கு. ஆரம்பம்.'

நம் வழக்கப்படி பந்தக்கால் நடப் பங்காளி கை வேண்டும், அதற்கு ஆள் சேர்க்கத்தான் போகிறேன் என்று ஊர் சொல்லும். சொல்லட்டும். பத்திரிகையை நான் எடுத்துப் போகவில்லை. முப்பத்து மூன்றாம் பக்கத்தையும் நோட்டையும் எடுத்துப் போகிறேன். வாசலில் என்னைப் பார்த்ததும் உன் சித்தி அந்தப் பழைய சொல்லையே மறுபடியும் சொல்லக்கூடும். எந்த மொழியில் சொன்னாள் என்று நான் கேட்கப்போவதில்லை. அவன் பேசினால் கேட்பேன். கதவைச் சாத்தினால் முக்கால் மணி நேரம் நிற்பேன், அதற்கு முன்மாதிரி இருக்கிறது. பிறகு நோட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ போ. மன்னிக்கப் போகாதே, கேட்கப் போ. நோட்டு அங்கே இருக்கும், ஐம்பதாம் பக்கத்தைத் திருப்பிப் பார். 'ஆரம்பம்' என்பதற்குக் கீழே அவன் கையெழுத்தில் ஒரு சொல் இருந்தால் எனக்குப் போன் செய். இல்லாவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடு. நல்ல எண்ணத்தில் நீ எழுதிவிடாதே. உன் எழுத்தும் என் எழுத்தைப் பார்த்து வந்ததுதான்.

உன் அப்பா